சமர்ப்பிக்கப்பட்டது

ஆகஸ்ட் 3, சனி

தீப்பெட்டிக் கம்பெனியில் ஜனவரி மாதம் கொடுத்த டைரி ஏழு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்று எடுத்துத் தூசி தட்டினேன். இந்தப் படிப்பில் தேதி தவறினால் பூஜ்யம் என்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் எழுதி வைக்கப்போகிறேன்.

படிப்பு எனக்காக இல்லை. என் மனைவி செண்பகவல்லி ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில் பதினோரு வருடமாக ஆயா. பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, மதியம் தூங்க வைப்பது அவள் வேலை. போன மாதம் தாளாளர் அம்மா அவளைக் கூப்பிட்டு, பி.ஏ. சேர்ந்து முதல் செமஸ்டரில் அக மதிப்பெண் நூற்றுக்கு அறுபதாவது வாங்கிக் காட்டினால், ஜனவரியில் எல்.கே.ஜி.க்குத் துணை ஆசிரியையாகப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து இவளுக்கு வேறு பேச்சு இல்லை. ஆனால் தனியாகச் சேரப் பயம். துணைக்கு நானும் சேர்ந்துவிட்டேன். மற்றபடி நாற்பத்தொன்பது வயதில் டெஸ்பாட்ச் கிளார்க்குக்குப் பட்டம் எதற்கு?

கேஸ் சிலிண்டர் பதிவு செய்தாயிற்று.

ஆகஸ்ட் 5, திங்கள்

கல்லூரி என்று ஒரு கட்டடம் கிடையாது. எல்.எம்.எஸ். என்று ஒரு இணையதளம் இருக்கிறது. அதுதான் வகுப்பறை, வருகைப் பதிவேடு, அறிவிப்புப் பலகை, விடைத்தாள் கட்டு எல்லாம். திங்கள் காலையில் அந்த வாரத்துப் பாடம் திறக்கும். வீடியோவைக் கடைசிவரை ஓடவிட்டால்தான் பச்சை டிக் விழும். பாதியில் எழுந்து போனால் அதற்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு வினாடி வினா. பிறகு விவாத மேடை என்று ஒன்று. அங்கே ஏதாவது எழுத வேண்டும், மற்றவர்கள் எழுதியதற்குப் பதிலும் போட வேண்டும். வினாடி வினாவுக்கும் மேடைக்கும் சேர்த்து இருபது. நான்கு கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் இருபது. ஆக நூறு. நவம்பர் 30 மாலை ஐந்து மணிக்கு மதிப்பெண் ஏட்டைப் பூட்டிவிடுவார்கள். அதன்பிறகு துணைவேந்தரே சொன்னாலும் மாற்ற முடியாதாம்.

வீட்டில் இருப்பது ஒரு போன். கம்பெனியில் மதிய இடைவேளையில் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த மேனேஜர் சம்மதித்திருக்கிறார். இருவருக்கும் கணக்குத் திறந்து பாஸ்வேர்டு போட்டது நான்தான். செண்பகம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் சொல்லித் தாங்களேன். நானே போட்டுக்கிடுறேன்."

"எதையாவது அமுக்கி வச்சிருவ. நான் பாத்துக்கிடுதேன், நீ எழுது போதும்."

ஆகஸ்ட் 14, புதன்

எட்டு நாள் கழித்துத் தண்ணீர் வந்தது. வீடியோ இரண்டு பார்த்தேன். அமலி மேடம்தான் எங்கள் பேராசிரியர். பாளையங்கோட்டைப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிகிறது. நல்ல விளக்கம். செண்பகம் அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு கேட்கிறாள். வெங்காயம் நறுக்கும்போதே குறிப்பு எடுக்கிறாள். தாளெல்லாம் ஈரம்.

ஆகஸ்ட் 24, சனி

முதல் கட்டுரை. தலைப்பு: ஒரு அறை. கடைசி நேரம் மாலை ஐந்து.

செண்பகத்துக்குச் சனிக்கிழமை விடுமுறை. எனக்கு வேலை. என் கட்டுரையை அலுவலகத்தில் டைப் செய்து, போனுக்கு மெயில் அனுப்பிவிட்டு, நாலேகாலுக்கு வீட்டுக்கு வந்தேன். போனில் தளத்தைத் திறந்தால் ஏற்கெனவே பச்சை நிறத்தில் 'சமர்ப்பிக்கப்பட்டது' என்று இருக்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் செண்பகத்தின் கையெழுத்து.

நடந்தது இதுதான். காலையில் போனில் நான் என் கணக்கைத் திறந்து, மூடாமல் போய்விட்டேன். மதியம் இவள் தன் தாள்களைப் படம் எடுத்து ஏற்றியிருக்கிறாள். போன் திரையில் முழுப் பெயர் தெரியாது. மூலையில் ஒரு வட்டம், அதற்குள் பெயரின் முதல் இங்கிலீஷ் எழுத்து மட்டும். சோலையப்பனுக்கும் S, செண்பகவல்லிக்கும் S. தமிழில் போட்டிருந்தால் சோ, செ என்று தெரிந்திருக்கும். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

அவள் ஏற்றியதை நீக்கி, அவள் கணக்கில் போட்டிருக்கலாம். ஆனால் அதற்குள் மணி நாலே முக்கால். போன் வேறு சுற்றிக்கொண்டே இருந்தது. அவளுக்குப் பூஜ்யம் விழக்கூடாதே என்று என் கட்டுரையை அவள் கணக்கில் ஏற்றினேன். 'இது என் சொந்தப் படைப்பு என உறுதியளிக்கிறேன்' என்று ஒரு கட்டம் வரும். டிக் போட்டால்தான் மேலே போகும். போட்டேன்.

திங்கட்கிழமை எழுதிக் கேட்டுச் சரி செய்துகொள்ளலாம். இவளிடம் இப்போது சொன்னால் பதறுவாள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

கம்பெனியில் லோடு அதிகம். நேரம் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 4, புதன்

மதிப்பெண் வந்துவிட்டது. என் கணக்கில் 18.

அமலி மேடம் கீழே எழுதியிருக்கிறார்: 'சோலையப்பன், மிக நேர்த்தி. ஒரு ஆயாவின் மனத்துக்குள் புகுந்து எழுதியிருக்கிறீர்கள். பெண்ணின் குரலில் ஒரு ஆண் இவ்வளவு இயல்பாக எழுதுவது அபூர்வம். கையெழுத்தும் அழகு.'

அதற்குப் பிறகுதான் அந்தக் கட்டுரையை முழுதாகப் படித்தேன். பிள்ளைகள் மதியம் தூங்கும் அறையைப் பற்றி எழுதியிருக்கிறாள். பதினாறு பாய். எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் புரளும், எது தூக்கத்தில் அம்மாவைக் கூப்பிடும் என்று ஒவ்வொன்றாக. அந்த ஒரு மணி நேரம் யாரும் தன்னைக் கூப்பிடுவதில்லை என்றும், அப்போதுதான் எல்.கே.ஜி. புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு வாயசைத்துப் பாடம் நடத்திப் பார்ப்பேன் என்றும் எழுதியிருக்கிறாள். இந்தப் பதினோரு வருடத்தில் இதை என்னிடம் சொன்னதில்லை.

அவள் கணக்கில் 10. 'பட்டியல் போல இருக்கிறது. மனிதர்கள் எங்கே?' என்று எழுதியிருந்தது. என் கட்டுரை டெஸ்பாட்ச் அறையைப் பற்றியது. நீள அகலம், பண்டல் அடுக்கும் முறை எல்லாம் தெளிவாகத்தான் எழுதியிருந்தேன்.

போனில் அவள் கணக்கைத் திறந்து கொடுத்தேன். பார்த்தாள்.

"மனிதர்கள் எங்கேன்னு கேட்டிருக்காங்க. பதினாறு புள்ளைக தூங்குதே அதுல?"

"அவங்களுக்கு ஆயிரம் பேப்பர் வரும். என்னத்தையோ பாத்திருப்பாங்க."

"ஒங்களுக்கு எவ்வளவு?"

சொன்னேன். சந்தோஷப்பட்டாள். ரவை கேசரி கிண்டினாள்.

செப்டம்பர் 9, திங்கள்

சைக்கிள் பஞ்சர். சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். அவள் தலைவலி என்று படுத்திருந்தாள்.

செப்டம்பர் 19, வியாழன்

இனி அவள் போனில் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மறுபடி கணக்கு மாறினால் வம்பு. தாளில் எழுதிக் கொடுத்தால் அலுவலகத்தில் டைப் செய்து நானே ஏற்றிவிடுவேன். டைப் செய்த கட்டுரைக்கு மதிப்பும் கூடுதல். நான் அந்தக் காலத்திலேயே டைப்பிங் லோயர் பாஸ்.

செப்டம்பர் 28, சனி

இரண்டாவது கட்டுரை, ஒரு சத்தம். இரண்டையும் ஏற்றினேன். இரண்டு முறை உறுதியளித்தேன்.

முதலில் ஒரு கணக்கில் ஒரு நடை, பிறகு இன்னொரு நடை என்றால் மேடத்துக்குச் சந்தேகம் வரும். முதல் கட்டுரை விஷயம் தீரும்வரை ஒரே மாதிரி இருப்பதுதான் இருவருக்கும் நல்லது.

அக்டோபர் 5, சனி

எனக்கு 17. அவளுக்கு 9. 'நூலைப் பார்த்து எழுதியது போல இருக்கிறது. உங்கள் சொந்த அனுபவத்தை எழுத முயலுங்கள்' என்று அவளுக்கு எழுதியிருந்தது.

செண்பகம் அதை மூன்று முறை படித்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் எந்தப் புஸ்தகத்தப் பாத்தேன்? நம்ம வீட்ல என்ன புஸ்தகம் இருக்கு?"

நான் போனை எடுத்துச் சார்ஜில் போட்டேன்.

"எனக்கு வராதுங்க. தாளாளரம்மாகிட்ட திங்கக்கெழம சொல்லிருதேன். ஆயாவாவே இருந்துட்டுப் போறேன். நீங்க படிங்க, ஒங்களுக்கு நல்லா வருது."

அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை. போய் அரிசி களைந்தாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

காலை முழுவதும் அவளிடம் பேசினேன். இன்னும் இரண்டு கட்டுரை இருக்கிறது, பாதியில் விடக்கூடாது, முயற்சி வேண்டும் என்று எடுத்துச் சொன்னேன். அவளுடைய நன்மைக்குத்தான் சொன்னேன். மூன்றாவது கட்டுரைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. என்னால் அப்படி எழுத முடியாது என்று எனக்குத் தெரியும்.

கடைசி வரியை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. அடிக்காமல் விடுகிறேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

விவாத மேடையில் ராமநாதபுரத்து மாணவி ஒருத்தி எழுதியிருக்கிறாள்: 'மதிப்பெண்ணுக்குக் கீழே நீல நிறத்தில் உங்கள் கோப்பின் பெயர் இருக்கும். அதைத் தொட்டால் நீங்கள் கொடுத்த கட்டுரை திறக்கும். மேடம் சிவப்பில் கோடு போட்டிருப்பது அதில்தான் தெரியும்.' பலருக்கும் பயனுள்ள தகவல்.

செண்பகம் இதைப் பார்த்தாளா தெரியாது. மாலைக்குள் நாற்பது பதிவுகள் வந்து, அது இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. நான் நாலைந்து முறை பார்த்தேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

சரஸ்வதி பூஜைக்கு அடுக்கிய பாடத்தாள்களை இன்று எடுத்தாள். எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்து, "நான் நிறுத்தல. எழுதுதேன்" என்றாள்.

எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. நான் சொன்னது வீண் போகவில்லை. இரண்டு நாளாக அதிகம் பேசாமல் இருந்தாள். யோசித்திருக்கிறாள் போல.

அக்டோபர் 24, வியாழன்

மூன்றாவது தலைப்பு, நேரில் சொல்ல முடியாததைக் கடிதமாக எழுதுக. செண்பகம் எட்டாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண்ணுக்கு எழுதியிருக்கிறாள். பரீட்சையில் அந்தப் பெண் இவள் தாளைப் பார்த்து எழுதினாளாம். நல்ல விஷயம். காற்றில் தாள் பறந்தது பற்றிய இரண்டு வரிகள் மிக நன்று.

"யாரு இந்தப் புள்ள? நம்ம கல்யாணத்துக்கு வந்துச்சா?"

"வந்தாங்க" என்றாள். பிறகு, "ஒங்களுக்கு ஞாபகம் இருக்காது" என்றாள்.

டைப் செய்யும்போது ஒரு சிறு மாற்றம் மட்டும் தேவைப்பட்டது. என் பெயரில் போவதால், பள்ளித் தோழி என்றால் பொருந்தாது. 'உட்கார்ந்தவளுக்கு' என்பதை 'உட்கார்ந்தவனுக்கு' என்று ஆக்கினேன். ஒரு எழுத்துதான்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மகனும் மருமகளும் ஓசூரிலிருந்து வரவில்லை. போனில் பேசினார்கள். அம்மாவுக்கு எப்படி மார்க் என்று மகன் கேட்டான். "ஒங்கப்பாட்ட கேளு, அவர்தான் பாக்குறாரு" என்று போனை என்னிடம் நீட்டினாள்.

நவம்பர் 5, செவ்வாய்

எனக்கு 19. அவளுக்கு 11.

வினாடி வினாவில் அவள்தான் எங்கள் குழுவிலேயே அதிகம், 18. அதையும் சேர்த்தால் அவளுக்கு இப்போது 48. நான்காவதில் 12 வந்தால் அறுபதைத் தொட்டுவிடும். என் எழுத்துக்கு 12 வந்ததில்லை. இந்த முறை கவனமாக எழுதினால் வரலாம். வரும்.

நவம்பர் 15, வெள்ளி

நான்காவது கட்டுரை, ஒரு பயணம். செண்பகம் நேற்றே தாள்களை என் பைக்குள் வைத்துவிட்டாள். கேட்காமலே வைத்தாள். மேலே பெயர் எழுதவில்லை.

மூன்று நாளாக என்னுடையதை எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில் மதுரைக்கு லாரியில் போனதை எழுதினேன். தன்னால் முடிந்ததைத்தானே ஒருவன் செய்ய முடியும்.

இன்று டைப் செய்து முடித்தபோது இரண்டு கோப்புகளும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சரியான கணக்கில் சரியானதை ஏற்ற எனக்கு ஐந்து நிமிடம் போதும். மேனேஜர் டீ குடிக்கக் கூப்பிட்டார். போய்விட்டு வந்து, வழக்கம்போலவே ஏற்றினேன்.

நவம்பர் 22, வெள்ளி

எனக்கு 18. அவளுக்கு 9. மொத்தம் 57.

"மூணு மார்க்குல போச்சே" என்றேன். "ம்" என்றாள்.

அமலி மேடத்திடமிருந்து எனக்குத் தனிச் செய்தி. ஞாயிறு காலை பதினோரு மணிக்கு நேரலை வகுப்பு. நான் கடிதத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டுமாம். உடம்பு சரியில்லை என்று எழுதலாமா என்று பார்த்தேன். அன்று வருகை கட்டாயம் என்று போட்டிருக்கிறது.

நவம்பர் 24, ஞாயிறு

இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. வரிசையாக எழுதுகிறேன்.

இருவருக்கும் தனித்தனியாக வருகை விழ வேண்டும் என்பதால் கம்பெனி லேப்டாப்பைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். நான் முன்னறையில். அவள் போனுடன் அடுப்படியில். அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். மேடம் என் பெயரைச் சொல்லி, "இந்தக் குழுவுல எனக்குக் கெடச்ச எழுத்தாளர் இவர். வாசிங்க சார்" என்றார்.

வாசித்தேன்.

'எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு. நீ என் தாளைப் பார்த்து எழுதுவது எனக்குத் தெரியும். முதல் நாள் காற்றில் தாள் பறந்து உன் பக்கம் வந்தது. அது யார் தப்பும் இல்லை. மறுநாள் காற்று இல்லை.'

நான் பேசுவது ஒரு நொடி கழித்து அடுப்படியில் போனிலிருந்து கேட்டது. என் குரலே அங்கிருந்து என்னிடம் 'உட்கார்ந்தவனுக்கு' என்றது. ஒரு எழுத்தை நானே மாற்றி, கடிதத்தை யாருக்கு எழுதினாளோ அவனிடமே சேர்த்திருக்கிறேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே வாசித்தேன்.

'வாத்தியார் உன்னைப் பாராட்டினார். என்னிடம் சொந்தமாக எழுது என்றார். நீ கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்காமல் எடுத்ததுகூடப் பெரிதில்லை. எனக்கு ஒன்றும் வராது என்று நானே நம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.'

அங்கே நிறுத்தினேன். "அவ்வளவுதான் மேடம்" என்றேன்.

திரையில் கைதட்டும் படங்கள் ஏறிக்கொண்டே வந்தன. அப்போது இன்னொரு மைக் திறந்தது. செண்பகத்தின் குரல், அடுப்படியிலிருந்தும் லேப்டாப்பிலிருந்தும் சேர்ந்து வந்தது.

"மேடம், கடைசி ரெண்டு வரி விட்டுப்போச்சு."

"நீங்க யாரும்மா?"

"செண்பகவல்லி மேடம். 'நீயாகச் சொல்லும்வரை காத்திருப்பேன். சொல்லாமலே பரீட்சை முடிந்துவிட்டால், அதற்குப் பிறகு உன் பக்கத்தில் உட்காருவேனா என்று எனக்குத் தெரியவில்லை.' இதான் மேடம் அந்த வரி."

"மனப்பாடமாச் சொல்றீங்களே! ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லிவிடட்டும் என்றும் நினைத்தேன்.

"எங்க வீட்டுக்காரர்தான் மேடம் அவரு. வீட்லயே படிச்சிருக்கேன்."

மேடம் சிரித்து, கொடுத்து வைத்தவர் என்று சொன்னார். வகுப்பு முடிந்தது.

அடுப்படிக்குப் போனேன். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா ஏறிப்போச்சு செம்பகம். ஒரே எஸ்ஸு. அன்னைக்கு நீயே என் கணக்குல..."

"மொதத் தடவ தப்பா ஏறுச்சு. நான்தான் ஏத்தினேன்." திரும்பவே இல்லை. "அதுக்குப் பெறகு?"

முன்னறைக்கு வந்து லேப்டாப்பை மூடினேன். துணைக்குச் சேர்ந்தேன் என்று எழுதியிருக்கிறேன். பொய். அவள் பட்டம் வாங்கி நான் வாங்காமல் இருப்பதை என்னால் பொறுக்க முடியாது என்றுதான் சேர்ந்தேன்.

நவம்பர் 25, திங்கள்

உதவி மையத்துக்கு எழுதினேன். புகார் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. கட்டணம், பாஸ்வேர்டு, தொழில்நுட்பக் கோளாறு, மற்றவை. தொழில்நுட்பக் கோளாறு என்று போட்டு, இருவர் கட்டுரைகளும் கணக்கு மாறிவிட்டன என்று எழுதினேன்.

நவம்பர் 26, செவ்வாய்

பதில் வந்தது. 'எங்கள் பதிவுகளின்படி தங்கள் கணக்கில் கோளாறு எதுவும் இல்லை. தங்கள் குறை தீர்க்கப்பட்டது.'

செண்பகத்திடம் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "கோளாறு இல்லன்னு சரியாத்தான சொல்லியிருக்காங்க" என்றாள்.

பூட்டுவதற்கு நான்கு நாள் இருக்கிறது.

நவம்பர் 27, புதன்

இந்த முறை 'மற்றவை'. நடந்ததை நடந்தபடி எழுதினேன். பதினெட்டு வரி. இந்தப் படிப்பில் நான் சொந்தமாக எழுதி யாரும் குறை சொல்லாதது அதுதான்.

மதியம் ஒரு பெண் அங்கிருந்து போன் செய்தார்.

"சார், 'தவறுதலாக'ன்னு போட்டுக்கலாமா? அப்படின்னா ஒங்களுக்குச் சிக்கல் கம்மி."

"தவறுதலா இல்லம்மா."

"நாலு தடவையுமா சார்?"

"மூணு தடவ. மொதல் தடவ போன் மாறிப்போச்சு. அடுத்த மூணும் தெரிஞ்சேதான் செஞ்சேன்."

"ஒங்க வீட்டம்மாவுக்கும் இதுல பாதிப்பு வரலாம் சார். எது யாரு எழுதினதுன்னு நிரூபிக்கணும்ல. ரெண்டுமே நீங்க டைப் பண்ணினது."

அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. நான் வாய் திறந்ததால் அவளுக்கு இருக்கிற 57-ம் போய்விடுமோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று பண்டல் ரசீதில் இரண்டு தப்பு.

நவம்பர் 28, வியாழன்

இருவருக்கும் கடிதம் வந்துவிட்டது. என் சேர்க்கை ரத்து, ஒரு வருடம் எங்கும் சேர முடியாது. முதல் கட்டுரை கையெழுத்தில் இருந்ததால், கையெழுத்தை ஒப்பிட்டு அந்த 18 அவளுக்கே. மற்ற மூன்றும் செல்லாது. நாளை காலை பத்து முதல் ஒரு மணிவரை, கேமரா முன்னால் உட்கார்ந்து, புதிய தலைப்புகளில் மூன்று கட்டுரை எழுத வேண்டும். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. எழுதாவிட்டால் மூன்றுக்கும் பூஜ்யம்.

"மூணு மணி நேரத்துல மூணா?" என்றேன்.

"பதினோரு வருசமா ஒரு மணி நேரத்துல பதினாறு பேரத் தூங்க வச்சிருக்கேன்" என்றாள். கோபமா, பெருமையா என்று தெரியவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

ஒன்பதே முக்காலுக்கு வெளியே வந்துவிட்டேன். வேலைக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தேன். திருநெல்வேலி வண்டி எத்தனை போயிற்று என்றுகூடக் கவனிக்கவில்லை. கரண்ட் போய்விடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். எனக்காக எதுவும் கேட்கவில்லை.

ஒன்றரைக்கு வந்தேன். அவள் விரலெல்லாம் மை. சோறு வடிக்கவில்லை. நான் வைத்தேன். குழைந்துவிட்டது. சாப்பிட்டாள்.

நவம்பர் 30, சனி

மாலை நாலு மணிக்கு மூன்றும் திருத்தப்பட்டிருந்தன. 15, 17, 16. முதல் கட்டுரை 18. வினாடி வினா 18. மொத்தம் 84.

அமலி மேடம் அவளுக்குப் போன் செய்தார். நான் முன்னறையில் இருந்தேன். வெகுநேரம் பேசினார்கள். என்னைப் பற்றி மேடம் கேட்டிருக்க வேண்டும். "இல்ல மேடம், வீட்லதான் இருக்காரு" என்று மட்டும் என் காதில் விழுந்தது.

ஐந்து மணிக்கு ஏட்டைப் பூட்டினார்கள்.

டிசம்பர் 20, வெள்ளி

தாளாளர் அம்மா மதிப்பெண் தாளைப் பார்த்துவிட்டு, ஜனவரி ஆறாம் தேதியிலிருந்து எல்.கே.ஜி. என்று சொல்லிவிட்டாராம். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்று பார்த்த முகம். நான் கெடுத்திருக்கக்கூடிய முகம் அது.

ஜனவரி 6, திங்கள்

பழைய டைரியிலேயே பின்பக்கத்தில் எழுதுகிறேன். சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன். கேட்டில் நின்றவர் "வணக்கம் டீச்சர்" என்றார். அவள் திரும்பி யாரையோ சொல்கிறார் என்று பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

ஜனவரி 18, சனி

வீட்டில் சண்டை எதுவும் இல்லை. சாப்பாடு, தண்ணீர், மகன் பேச்சு எல்லாம் முன்போலத்தான். ஆனால் என்னிடம் எதையும் அவள் நீட்டுவதில்லை. நானும் கேட்கும் நிலையில் இல்லை.

இரண்டாம் செமஸ்டரின் முதல் கட்டுரைக்கு இன்று கடைசி நாள். மதியம் அடுப்படியில் போனோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தாள் எதையும் காணோம். மனசு கேட்காமல் போய் நின்றேன்.

"தாளக் குடுத்தா டைப் மட்டும் அடிச்சுத் தர்றேன். ஏத்துறது நீயே ஏத்திக்கோ."

"வேணாங்க. போன்லயே தமிழ் அடிக்கப் பழகிட்டேன். ஏத்திட்டேன்."

போனைக் காட்டினாள். பச்சையாக இருந்தது. வேகமாகத்தான் அடித்திருக்கிறாள், ஒரு பிழை இல்லை.

"எப்பப் பழகின?"

"அக்டோபர்ல."

சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு உலையில் அரிசி போடப் போய்விட்டாள். நான் முன்னறைக்கு வந்து இந்த டைரியைப் புரட்டிப் பார்த்தேன். மூன்றாவது கட்டுரை அக்டோபர் இருபத்து நாலு. நான்காவது நவம்பர் பதினான்கு, என் பைக்குள், நான் கேட்காமலே. இரண்டையும் அவளே அடித்து அவளே ஏற்றியிருக்கலாம். தாளில் எழுதி என் கையில் கொடுத்திருக்கிறாள்.